பொரிப்பானைக் குழப்பிய மோட்டார்

அடைக்கோழியின் வயிற்றுக்கடியில் கையை விட்டுப் பார்த்திருக்கிறீர்களா? கொத்து வாங்காமல் தப்பியவர்களுக்கு அங்கிருக்கும் கதகதப்பு தெரியும். அந்தக் கதகதப்பை 21 நாட்கள் விடாமல் கொடுத்தால் முட்டைக்குள் இருக்கும் கரு குஞ்சாகி, ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. கோழி செய்யும் இந்த வேலையை ஒரு பெட்டியைக் கொண்டு செய்விப்பதே பொரிப்பான். இன்குபேட்டர் என்றால் எல்லோருக்கும் புரியும். உள்ளே காற்றைச் சுழலவிடும் விசிறி உள்ள பெட்டியில் வெப்பநிலை 37.5 டிகிரி செல்சியசை ஒட்டியே இருக்க வேண்டும். சிறிது நேரம் குறைந்தால் பெரிய கேடில்லை. இரை தேட எழுந்து போகும் கோழியும் அரை மணி நேரம் முட்டைகளை ஆறவிடத்தானே செய்கிறது? ஆனால் கூடினால் ஆபத்து. 40 டிகிரிக்கு மேல் சில மணி நேரம் நீடித்தால் கருக்கள் பெருமளவில் மடிந்துவிடும்.

பழங்கால எகிப்தியர்கள் மண்ணால் கட்டிய அடுப்பறைகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொரிக்க வைத்தார்கள். அவர்களிடம் வெப்பமானி கிடையாது. முட்டையை எடுத்துக் கண் இமையில் வைத்துப் பார்த்தே சூட்டைக் கணித்தார்கள். பிறகு 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்னெலிஸ் டிரெபல் என்ற டச்சுக்காரர், ஆல்கஹாலும் பாதரசமும் அடைத்த ஒரு கண்ணாடிக் குழாயைச் செய்தார். சூடு ஏறினால் ஆல்கஹால் விரிந்து பாதரசத்தைத் தள்ளும். பாதரசம் ஒரு கோலைத் தூக்கும். கோல் அடுப்பின் காற்றுவழியை மூடும். நெருப்பு தணியும். சூடு இறங்கினால் காற்றுவழி மீண்டும் திறக்கும். மனிதன் செய்த முதல் தெர்மோஸ்டாட்டுகளுள் இது ஒன்று. இதை அவர் கோழிக்குஞ்சு பொரிப்பதற்கும் பயன்படுத்தினார் என்பது நம் கதைக்குப் பொருத்தமான செய்தி.

நம் கதை நடந்தது திருவையாற்றுக்குச் சற்றுத் தள்ளி ஒரு கிராமத்தில். என்னிடம் பௌதிகம் படித்த பழைய மாணவர் ஒருவர் அங்கே தம் தாயாருக்காக ஒரு பொரிப்பான் செய்து கொடுத்திருந்தார். ஒட்டுப்பலகைப் பெட்டி, சூட்டுக்கு நான்கு மின்விளக்குகள், ஒரு சிறு விசிறி, கடையில் வாங்கிய மின்னணுத் தெர்மோஸ்டாட். தை மாதம் வைத்த நாட்டுக்கோழி முட்டைகள் நன்றாகவே பொரித்தன. சித்திரையில் வைத்தவை பெரும்பாலும் கூமுட்டையாகப் போயின. உடைத்துப் பார்த்தால் பாதி வளர்ந்த கரு செத்துக் கிடந்தது. அவர் உணர்வியைக் கழற்றிப் புதிது போட்டார். அடுத்த ஈடு ஆனி மாதத்தில் வைத்தார், பழுதில்லை. உணர்விதான் குற்றவாளி என்று முடிவு கட்டிவிட்டார். மறு ஆண்டு வைகாசியில் மறுபடியும் அதே சாவு. அப்போதுதான் என்னைத் தேடி வந்தார்.

உணர்வியை மாற்றினார், கோளாறு நின்றது. ஆகவே உணர்விதான் காரணம் என்பது, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. இடையில் வேறு எது மாறியது என்று பார்க்க வேண்டும் அல்லவா? அவருடைய தாயாருக்கு வேறொரு கருத்து இருந்தது. "அக்கினி நட்சத்திரம் தம்பி. மனுஷனே வெந்து போறான், முட்டை எம்மாத்திரம்?" என்றார். இது தள்ளிவிடக்கூடிய வாதம் அன்று. பொரிப்பானால் சூடேற்ற முடியுமே தவிரக் குளிர்விக்க முடியாது. அறையே 38 டிகிரிக்குப் போனால் அது என்ன செய்யும்? ஆனால் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்து, கோளாறு தெரிந்த நேரங்களை எல்லாம் ஒரு வாரம் குறித்துவரச் சொன்னேன். பெரும்பாலானவை இரவு நேரங்களாகவும் விடியற்காலையாகவும் இருந்தன. வெயிலின் மேல் பழி போட முடியவில்லை.

அந்த நோட்டுப் புத்தகத்தோடு ஊர் நடப்பைச் சேர்த்துப் பார்த்தபோதுதான் வழி தெரிந்தது. டெல்டாவில் குறுவைக்கு நாற்றங்கால் விடும் காலம் அது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12. அதற்கு முன்னால் நாற்றுக்குத் தண்ணீர் வேண்டுமானால் நிலத்தடி நீரை மோட்டார் வைத்துத்தான் இறைக்க வேண்டும். அவர் வீட்டுப் பின்சுவரை ஒட்டியே ஃபில்டர் பாயிண்ட் குழாயும் 5 குதிரைத்திறன் மோட்டாரும் இருந்தன. மும்முனை மின்சாரம் வந்ததும் தானாகவே மோட்டாரைக் கிளப்பிவிடும் ஆட்டோ சுவிட்ச் வேறு. மின்சாரம் இரவில் வந்தால் மோட்டாரும் இரவில் ஓடும். ஆனியில் ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் வந்ததும் மோட்டாருக்கு ஓய்வு. பொரிப்பானுக்கும் நோய் நீங்கியது!

பொருத்தம் அழகாக இருக்கிறது. ஆனால் பொருத்தம் மட்டும் நிரூபணம் ஆகாது. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் மோட்டார், இந்தப் பக்கம் இருக்கும் பெட்டியின் வெப்பநிலையை எப்படிக் கெடுக்கும்?

தெர்மோஸ்டாட் என்ன செய்கிறது?

வயலில் தண்ணீர் குறைந்தால் மடையைத் திறக்கிறோம். போதுமான அளவு நின்றதும் அடைக்கிறோம். தெர்மோஸ்டாட்டும் அப்படித்தான். பெட்டி 37.5-க்குக் கீழே போனால் விளக்குகளை ஏற்றும், மேலே போனால் அணைக்கும். பழைய பொரிப்பான்களில் ஈதர் நிரப்பிய மெல்லிய உலோக வில்லை ஒன்று இருக்கும். சூட்டில் ஈதர் ஆவியாகி வில்லையை உப்பச் செய்யும். உப்பிய வில்லை ஒரு சுவிட்சை அழுத்தும். அதற்குக் காண்பதும் செய்வதும் ஒன்றே. இடையில் கணக்குப் போடும் மூளை இல்லை.

மின்னணுத் தெர்மோஸ்டாட்டில் அப்படி ஒரு மூளை உண்டு. இதில் உணர்வியாக இருப்பது தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற இதன் மின்தடை குறையும். பெரிதும் புழங்கும் வகை ஒன்றின் மின்தடை 25 டிகிரியில் 10,000 ஓம், 37.5 டிகிரியில் ஏறத்தாழ 5,870 ஓம். இதனோடு 10,000 ஓம் மின்தடை ஒன்றைத் தொடராக இணைத்து, இரண்டுக்கும் சேர்த்து 5 வோல்ட் கொடுத்தால், தெர்மிஸ்டரின் இரு முனைகளுக்கு இடையே 1.85 வோல்ட் இருக்கும். ஓமின் விதியைக் கொண்டு நீங்களே சரிபார்த்துக் கொள்ளுங்கள். வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் இந்த அழுத்தம் சுமார் 48 மில்லிவோல்ட் மாறுகிறது. டிகிரியில் பத்தில் ஒரு பங்குக்கு 5 மில்லிவோல்ட்டுக்கும் சற்றுக் குறைவு. இந்தச் சிறு மாற்றத்தைக் கண்டுகொண்டு, ஒரு விரல்நக அளவுச் சில்லு, ரிலேயை இயக்கி விளக்குகளை ஏற்றவோ அணைக்கவோ செய்கிறது. 5 மில்லிவோல்ட்டுக்குக் காது கொடுக்கும் ஒரு கருவியின் பக்கத்தில் 415 வோல்ட் மோட்டார் நின்றால் என்ன ஆகும்?

அறுந்த மின்னோட்டத்தின் ஆத்திரம்

மோட்டார்க் கொட்டகையில் தண்ணீர் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும் குழாயின் வால்வைச் சட்டென்று மூடினால் குழாய் 'தடக்'கென்று அதிரும். ஓடும் நீருக்கு உடனே நிற்க மனம் வராது. சுருள் ஒன்றில் ஓடும் மின்னோட்டமும் அப்படியே. ஃபாரடே 1831-இல் கண்ட மின்காந்தத் தூண்டலின் விளைவு இது. மின்னோட்டம் எவ்வளவு வேகமாக மாறுகிறதோ, அந்த மாற்றத்தை எதிர்க்கும் மின்னியக்கு விசையும் அவ்வளவு பெரிதாகும். ஸ்டார்ட்டரின் உள்ளே ஒரு மின்காந்தச் சுருள், தொடுமுனைகளைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்தச் சுருளுக்குப் போகும் மின்னோட்டம் மைக்ரோ விநாடிகளில் அறுபடும்போது, சுருளின் முனைகளில் ஆயிரம் வோல்ட்டையும் தாண்டும் அழுத்தம் எழலாம். அது தொடுமுனைகளின் இடைவெளியில் பொறியாகத் தாவும், அணையும், மறுபடி தாவும். ஒரு முறை அணைத்தால் ஒரு பொறி என்று எண்ணிவிடாதீர்கள். கண் இமைப்பதற்குள் பொறிகளின் ஒரு சரமே வெடித்து ஓய்ந்திருக்கும்.

1887-88-இல் ஜெர்மனியில் ஹெர்ட்ஸ், மின்காந்த அலைகளை உண்டாக்கிக் காட்டியது இதே போன்ற பொறியைக் கொண்டுதான். அவருடைய ஆய்வகத்தில் அது கண்டுபிடிப்பு. நம் பொரிப்பானுக்கு அது தொல்லை. ரேடியோ பெருகிய பிறகு இத்தகைய தொல்லைகளைக் கட்டுப்படுத்த வரையறைகள் வகுப்பதற்கென்றே ஒரு பன்னாட்டுக் குழு 1934-இல் அமைந்தது. மேட்டூர் அணை முடிந்ததும் அதே 1934-இல்தான். இரண்டுக்கும் தொடர்பில்லை என்றாலும், எனக்கு இதை நினைவில் வைக்க எளிதாக இருக்கிறது.

பொறியிலிருந்து தெர்மிஸ்டருக்குத் தொல்லை எப்படிப் போய்ச் சேர்கிறது? நண்பருடைய வீட்டில் நான் கண்டதைச் சொல்கிறேன். பிள்ளைகளின் கைக்கு எட்டக்கூடாது என்று தெர்மோஸ்டாட்டைச் சுவரில் உயரமாக மாட்டியிருந்தார். உணர்வியின் கம்பி எட்டவில்லை. வீட்டில் கிடந்த இரண்டு தனித்தனி ஒயர்களைக் கொண்டு நீட்டியிருந்தார். அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று நாலு விரற்கடை தள்ளி, சுவரோரமாக மோட்டாரின் ஒயர்களோடு சேர்ந்தே இரண்டு மீட்டர் போயின.

ஒரு கணக்குப் போடுவோம். 2 மீட்டர் நீளம், 5 செ.மீ. இடைவெளி, ஆக இரு கம்பிகளும் அடைக்கும் பரப்பு 0.1 சதுர மீட்டர். 10 செ.மீ. தள்ளி ஒரு கம்பியில் 10 ஆம்பியர் ஓடினால் அங்கே காந்தப்புலம் 20 மைக்ரோ டெஸ்லா. திசைகாட்டியைத் திருப்பும் புவிக் காந்தப்புலத்தின் கிடைக்கூறு நம் பக்கத்தில் ஏறத்தாழ 40 மைக்ரோ டெஸ்லா. அதில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பையும் புலத்தையும் பெருக்கினால் 2 மைக்ரோ வெபர். இந்தப் பாயம் ஒரு மைக்ரோ விநாடியில் மறைந்தால் கம்பிகளில் தூண்டப்படும் அழுத்தம் 2 வோல்ட்! ஒரு டிகிரிக்கு 48 மில்லிவோல்ட் என்று கணக்கிடும் கருவிக்கு இது 40 டிகிரிக்கு மேற்பட்ட மாற்றம். மோட்டாருக்குப் போகும் கம்பியும் திரும்பி வரும் கம்பியும் ஒட்டியே சென்றால் ஒன்றின் புலத்தை மற்றொன்று பெரும்பாலும் அழித்துவிடும். ஆகவே உண்மையில் தொல்லை இதைவிடக் குறைவாகவே இருக்கும். இருந்தாலும் நூற்றில் ஒரு பங்கு மிஞ்சினால்கூட அளவீடு அரை டிகிரி பிசகிவிடும் அல்லவா?

சோதனைகள்

முதல் கருவி சாதாரணக் கண்ணாடி வெப்பமானி. அதற்கு மின்சாரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆகையால் அது பொய் சொல்லாது. அதைப் பெட்டிக்குள் வைத்து, மோட்டாரை நிறுத்தியும் ஓட்டியும் பார்த்தோம். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் தெர்மோஸ்டாட்டின் எண்கள் 41 என்றும் 33 என்றும் ஒரு கணம் துள்ளின. வெப்பமானியோ 37.5-லேயே நின்றது. சூடு மாறவில்லை, அளவீடுதான் மாறுகிறது.

இரண்டாவது கருவி, பாட்டரியில் ஓடும் மீடியம் வேவ் ரேடியோ. நிலையம் எதுவும் கேட்காத ஓர் இடத்தில் முள்ளை வைத்துக்கொண்டு சுவரோரமாக நடந்தோம். ஸ்டார்ட்டரை இயக்கும்போதெல்லாம் 'கரகர'வென்ற ஒலி. சுவரில் ஒயர் போகும் பாதையை அந்த ஒலியைக் கொண்டே வரைந்துவிடலாம் போலிருந்தது. ரேடியோவைக் கையில் வைத்துத் திருப்பினால் ஒரு நிலையில் ஒலி மிகக் குறையும். உள்ளே இருக்கும் ஃபெரைட் தண்டு அந்நிலையில் காந்தப் பாயத்தை ஏற்பதில்லை. வீட்டில் பழைய ரேடியோ இருந்தால் நீங்களும் இதைச் செய்யலாம். எந்த ஒயரையும் தொட வேண்டியதில்லை.

மூன்றாவது சோதனையே முக்கியமானது. 5,600 ஓம், 270 ஓம் என்ற இரண்டு மின்தடைகளைத் தொடராகச் சேர்த்தால் 5,870 ஓம். தெர்மோஸ்டாட்டைப் பொறுத்தவரை இது என்றும் மாறாத 37.5 டிகிரி. கடையில் கிடைக்கும் மின்தடைகளில் நூற்றுக்கு ஐந்து பிசகு இருப்பதால் காட்டும் எண் ஒரு டிகிரி முன்பின் இருக்கலாம். எண்ணைப் பற்றிக் கவலை இல்லை, அது அசைகிறதா என்பதே கேள்வி. முதலில் நீட்டிய ஒயரின் கடைசி முனையில், உணர்விக்குப் பதிலாக இதை இணைத்தோம். மோட்டாரை நிறுத்தியதும் எண் துள்ளியது. பிறகு ஒயரையே கழற்றிவிட்டு, தெர்மோஸ்டாட்டின் வாயிலேயே நேராக இணைத்தோம். இப்போது துள்ளவில்லை. குற்றவாளி அந்த இரண்டு மீட்டர் ஒயர்!

இத்தோடு என் மாணவர் எழுந்துவிட்டார். நானும் எழுந்திருப்பேன், ஆனால் ஒன்று உறுத்தியது. ஒரு கணம் எண் துள்ளினால் விளக்கு ஒரு கணம் அணையும் அல்லது எரியும். பெட்டியும் முட்டைகளும் சூடேற நிமிடக்கணக்கில் ஆகும். கணநேரத் துள்ளல் கருவைக் கொல்லாது. அப்படியானால் கொன்றது எது?

ஆகவே அதே நிலையில், ஒயர் இல்லாமல், மோட்டாரை மறுபடி மறுபடி போட்டு நிறுத்தினோம். வெகு நேரம் ஒன்றும் ஆகவில்லை. மோட்டாரைப் பத்து முறைக்கு மேல் போட்டு நிறுத்திய பிறகு ஒருமுறை, ரிலே விளக்குகளை ஏற்றியிருந்த வேளையில், எண்கள் அப்படியே உறைந்துவிட்டன. பொத்தான்களை அழுத்தினாலும் அசையவில்லை. விளக்குகள் எரிந்துகொண்டே இருந்தன. பெட்டியின் கண்ணாடி வெப்பமானி ஏறத் தொடங்கியது. சூடேறி உருகி ஒட்டிக்கொண்ட ரிலேயாக இருக்குமோ? அதற்கும் சோதனை எளிது. தெர்மோஸ்டாட்டுக்கு வரும் மின்சாரத்தை மட்டும் நிறுத்தினோம். 'டிக்' என்று ரிலே விலகி விளக்குகள் அணைந்தன. ஒட்டியிருந்தால் அணைந்திருக்காது. மீண்டும் மின்சாரம் கொடுத்ததும் எல்லாம் ஒழுங்காக நடந்தது. சில்லுதான் மயக்கம் போட்டிருக்கிறது. இந்த முறை தொல்லை வந்த வழி வேறு: வீட்டுக்கும் மோட்டாருக்கும் மின்சாரம் ஒரே மின்மாற்றியிலிருந்து வருகிறது. ஸ்டார்ட்டரின் பொறி அந்தக் கம்பிகளிலேயே பயணம் செய்து, அடாப்டர் வழியாகச் சில்லுக்குள் புகுந்துவிட்டது. இரவில் யாரும் பார்க்காதபோது சில்லு இப்படி உறைந்தால் காலைக்குள் என்ன நடந்திருக்கும் என்பது தெரிந்ததே.

நல்ல கருவிகளை விற்பனைக்கு அனுப்புமுன் இத்தகைய பொறிச் சரங்களைச் செயற்கையாக உண்டாக்கிச் செலுத்திப் பார்ப்பார்கள். அதற்குப் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் வகுத்த சோதனையில் ஒவ்வொரு துடிப்பும் 5 நானோ விநாடியில் எழும்புகிறது. சில்லு உறைந்தால் தானே அதைத் தட்டி எழுப்பும் காவல் சுற்றும் நல்ல கருவிகளில் உண்டு. மலிவுச் சரக்கில் இந்த இரண்டையும் எதிர்பார்க்க முடியாது.

மருந்து

உணர்வி ஒயரை வேறு சுவர் வழியாகக் கொண்டு சென்றோம். இரு கம்பிகளையும் கயிறு போல முறுக்கினோம். முறுக்கிய கம்பியில் அடுத்தடுத்த கண்ணிகளில் தூண்டப்படும் அழுத்தங்கள் எதிரெதிர்த் திசையில் இருப்பதால் ஒன்றையொன்று அழித்துக் கொள்கின்றன. மோட்டார் ஒயரைக் கடக்க வேண்டிய ஓர் இடத்தில் செங்குத்தாகக் கடக்க வைத்தோம். தெர்மோஸ்டாட்டின் வாயில் 0.1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி ஒன்றையும் குறுக்கே இணைத்தோம். அங்குள்ள மின்தடையோடு சேர்ந்து அதன் கால மாறிலி ஏறத்தாழ 0.4 மில்லி விநாடி. மைக்ரோ விநாடித் துள்ளல்களை அது விழுங்கிவிடும். நிமிடக்கணக்கில் மாறும் வெப்பநிலைக்கு அது இருப்பதே தெரியாது.

அடாப்டருக்கு முன்னால் ஒரு தொல்லை வடிகட்டி வாங்கிப் போட்டோம். அதிலிருந்து வரும் ஒயரை ஒரு ஃபெரைட் வளையத்தில் நாலு சுற்றுச் சுற்றினோம். ஸ்டார்ட்டர்ச் சுருளுக்குக் குறுக்கே, 100 ஓம் மின்தடையும் 0.1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியும் தொடராகச் சேர்ந்த பொறியடக்கி இணைக்கப்பட்டது. அறுபடும் மின்னோட்டத்துக்கு இது ஒரு மாற்றுவழி. வால்வை மெதுவாக மூடுவதற்குச் சமம். 415 வோல்ட்டைத் தாங்கும் என்று குறிக்கப்பட்ட மின்தேக்கியே இதற்கு வேண்டும். இந்த வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்தார். நான் வேடிக்கைதான் பார்த்தேன். நீங்களும் ஸ்டார்ட்டர்ப் பெட்டியையோ வீட்டு மின்சாரக் கம்பியையோ தொட வேண்டாம். மோட்டார்க் கொட்டகையின் தரை எப்போதும் ஈரம். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் மின்தேக்கி மின்னூட்டத்தை வைத்துக்கொண்டிருக்கும். மின்பணியாளர் நில இணைப்பையும் பார்த்தார். கோடையில் களிமண் வெடித்து, நில இணைப்புக் குழி காய்ந்து கிடந்தது. கரியும் உப்பும் இட்டுத் தண்ணீர் ஊற்றச் சொன்னார்.

இவ்வளவுக்குப் பிறகும் சில்லு இனி உறையவே உறையாது என்று என்னால் எழுதிக் கொடுக்க முடியவில்லை. எனவே விளக்குகளுக்குப் போகும் கம்பியில், ரிலேக்குத் தொடராக, பழைய ஈதர் வில்லைத் தெர்மோஸ்டாட் ஒன்றையும் சேர்த்து 38.5 டிகிரியில் திருகி வைத்தோம். ரிலே ஏற்றியபடியே நின்றுவிட்டாலும் வில்லை உப்பி மின்சாரத்தைத் துண்டித்துவிடும். டிரெபலின் குழாய்க்கு இது பேரன் முறை.

அடுத்த ஈடு மேட்டூர் திறப்பதற்கு முன்பே வைக்கப்பட்டது. மோட்டார் இரவெல்லாம் ஓடிய நாட்கள் அவை. ஏழாம் நாள் முட்டைகளை விளக்கொளியில் பிடித்துப் பார்த்தபோது, செந்நிற நரம்புகள் சிலந்திவலை போல ஓடியிருந்தன. பதினெட்டாம் நாளோடு முட்டைகளைத் திருப்புவதை நிறுத்தினார்கள். இருபதாம் நாள் இரவு அந்த அம்மாள் தூங்கவில்லை என்று மகன் சொன்னார். விடியும்போது பெட்டிக்குள்ளிருந்து 'கீச் கீச்' ஒலி கேட்டதாம். சுவரோரம் ரேடியோவை வைத்தால் மோட்டார் நிற்கும்போது 'கர்' என்று இன்னும் மெல்லக் கேட்கிறது.